எதிரி வாசிப்பு

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையோ, மாநாட்டுக்கு அனுப்பும் முன்மொழிவோ, எதுவானாலும் வெளியே போவதற்கு முன்னால் சக ஆசிரியர் ஒருவர் அதை எதிரியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். எதிரி வாசிப்பு என்றுதான் அதற்குப் பெயரே. வாசித்து முடித்ததும் எழுதியவரின் முகத்துக்கு நேராக "இங்க அடிப்பாங்க" என்று இடத்தைக் காட்ட வேண்டும். அடிக்க இடமே அகப்படவில்லை என்றால் "அனுப்பலாம்" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். நான் இங்கே சேர்ந்த நாளாக யாரும் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. துறைத்தலைவி எழுதியதையே ஒருமுறை நார் நாராகக் கிழித்திருக்கிறோம்.

அந்த மகராசி இந்த வருடம் எங்கள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். முதலாமாண்டு மாணவர்களுக்குப் பொருளாதாரம் நடத்த நிரந்தர வேலை ஒன்று வந்திருந்தது. அதற்கு இரண்டே பேர்தான். ஒன்று நான். இன்னொன்று என்னோடு ஒரே அறையில் உட்காரும் ஆமை. இருவருமே பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிற ஜாதி. எங்களில் யாரை எடுப்பது, யாரைத் தள்ளுவது என்று தேர்வுக் குழுவுக்குத் தெரியவில்லை. பொருளாதாரத்தை எப்படிக் கற்பிப்பது என்பதற்கென்றே ஒரு மாநாடு நடக்கிறது. அதில் யாருடைய முன்மொழிவு தேறுகிறதோ அவருக்கே வேலை என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டும் தேறினால் அப்போது பார்த்துக்கொள்ளலாமாம்.

அதோடு விட்டார்களா? என்னுடையதை ஆமையும், ஆமையுடையதை நானும்தான் எதிரியாக வாசிக்க வேண்டும் என்று தலைவி சொல்லிவிட்டார். வேறு ஆளே கிடைக்கவில்லையா மேடம் என்று கேட்டேன். முதலாமாண்டு வகுப்பைப் பற்றி உங்கள் இருவரை விட்டால் இங்கே யாருக்கு என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆமை என்பது நான் வைத்த பெயர். ஒரு கேள்வி கேட்டால், அது உள்ளே போய், சுற்றிப் பார்த்து, தண்ணீர் குடித்துவிட்டுப் பதிலாக வெளியே வரும். அவன் எனக்கு வைத்த பெயர் பட்டாசு. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன் என்றுதான் கல்லூரியே அவனைப் பற்றிச் சொல்லும். எங்கள் அறையில் இருப்பது ஒரே ஜன்னல். வந்த முதல் நாளே அதன் பக்கத்து மேஜையை எனக்கு விட்டுக் கொடுத்தான். என் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் ஓடிய நாட்களில் என் வகுப்பையும் சேர்த்து அவன்தான் எடுப்பான். மறுநாள் நான் நன்றி சொல்வதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொள்வான்.

இப்படிப்பட்டவனுக்கு எதிராகத்தான் எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சனிக்கிழமை வருவார், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார். இங்கே உள்ள ஆஸ்பத்திரியில் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் நான் இந்த ஊரில் நிலைப்பேனா என்று தெரியாமல், இருக்கிற வேலையை விட்டுவிட்டு அவர் எப்படி வர முடியும்? என் வேலை முடிவாகிற வரை பதில் சொல்லத் தவணை வாங்கி வைத்திருந்தார். இரண்டாம் வகுப்பு படிக்கிற எங்கள் பெண், முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். இப்போது அழுவதில்லை. அவருடைய ஷூவை அவளே எடுத்துக்கொண்டு வந்து வாசலில் வைக்கிறாள்.

முன்மொழிவு அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அன்று காலை நான் அறைக்குள் நுழைந்தபோது ஆமை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். முதல் நாள் நான் கொடுத்த தாள் அவன் மேஜையில் இருந்தது. எடுத்து நீட்டினான்.

"அனுப்பலாம்ப்பா," என்றான்.

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேனா பட்ட சுவடே இல்லை. ஒரு அடிக்கோடு, ஒரு கேள்விக்குறி, ஒன்றும் கிடையாது. சரிதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உள்ளே எங்கேயோ சுருக்கென்றது.

மாநாட்டுக்காரர்கள் கேட்பது ஐந்நூறு சொற்கள். அதற்குள் நாலு விஷயத்துக்குப் பதில் வேண்டும். உன் முறையில் புதிதாக என்ன இருக்கிறது, அது வேலை செய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம், உனக்குக் கொடுக்கப்போகும் ஒரு மணி நேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்வார்கள், திரும்பிப் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போவார்கள். நான் எழுதியிருந்தது என் வாடகை விளையாட்டைப் பற்றி. வகுப்பில் பாதிப் பேருக்குக் காகிதத்தில் வெட்டிய சாவி கொடுப்பேன், அவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் குடியிருக்க வீடு தேடுகிறவர்கள். வாடகை இதற்கு மேல் போகக் கூடாது என்று நான் சட்டம் போடுவேன். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வீடு கிடைக்காதவர்கள் சாவி வைத்திருப்பவனிடம் ரகசியம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நோட்ஸ் எழுதித் தருகிறேன், ஒரு வாரம் உன் பையைத் தூக்குகிறேன் என்று பேரம் நடக்கும். கள்ளச் சந்தை என்றால் என்ன என்று நான் சொல்லவே வேண்டாம், அவர்களே அதற்குள் நின்றுகொண்டிருப்பார்கள். மாநாட்டிலும் இதையே நடத்துவதாக எழுதியிருந்தேன். உள்ளே வரும் பேராசிரியர்கள் கையில் வாசலிலேயே சாவியைக் கொடுத்துவிடுவது, முதல் கால் மணி நேரம் அவர்களை விளையாட விடுவது, மற்றதெல்லாம் பிறகு.

ஆமையின் முன்மொழிவு என் பைக்குள் இருந்தது. முதல் நாளே வாசித்திருக்க வேண்டும், பெண்ணின் வீட்டுப்பாடத்தில் நேரம் போய்விட்டது. இப்போது எடுத்து வாசித்தேன். அவன் வகுப்புக்கு முன்னால் மாணவர்கள் வீட்டில் பார்ப்பதற்கென்று சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்திருந்தான். ஒவ்வொன்றும் ஒரு கேள்வியோடு முடியும். வகுப்பு அந்தக் கேள்வியில் தொடங்கும். நன்றாகத்தான் எழுதியிருந்தான், அவனைப் போலவே நிதானமாக. ஆதாரத்துக்கு வந்தேன். எல்லா வீடியோவையும் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட நிறைய மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள் என்று பெருமையாக ஒரு பத்தி போட்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடப்பாவி, வீட்டில் உட்கார்ந்து எல்லா வீடியோவையும் பார்க்கிற பிள்ளை எது? எப்படியும் படிக்கிற பிள்ளைதான். வீடியோ பார்த்ததால் மார்க் வந்ததா, மார்க் வாங்குகிற பிள்ளை வீடியோவையும் பார்த்ததா? ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் போகாதவர்களைவிட நோயாளிகளாக இருக்கிறார்கள், அதனால் ஆஸ்பத்திரிதான் நோய் கொடுக்கிறது என்று சொல்லலாமா என்று இரண்டாமாண்டு வகுப்பில் கேட்டுக் கேட்டு இவனே பிள்ளைகளை மடக்குவான். தன் சொந்த வகுப்பு என்றதும் கண் அவிந்துவிட்டது. மாநாட்டில் மதிப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தொட்ட உடனே தாளைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். சந்தேகமே இல்லை.

நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அவன் சொன்ன அதே சொல்லை நானும் திருப்பிச் சொன்னால் போதும். அவன் போவான், நான் இருப்பேன், வீட்டுக்காரர் பெட்டியோடு வந்து இறங்குவார். இவ்வளவு சுலபமா என்று எனக்கே பயமாக இருந்தது.

அந்த எண்ணம் வந்த கையோடு இன்னொன்றும் வந்தது. இது எனக்குத் தோன்றினால் அவனுக்குத் தோன்றாதா? என் தாளிலும் இப்படி ஒரு ஓட்டை இருந்து, அதைப் பார்த்துவிட்டுத்தானே பேசாமல் நீட்டியிருக்கிறான்! இல்லாவிட்டால் இந்தத் துறையில் யாரும் யாருக்கும் சொல்லாத சொல்லை, ஒரே வேலைக்கு இரண்டு பேர் நிற்கும்போது, இவன் எதற்கு எனக்குச் சொல்ல வேண்டும்? தனக்கு லாபமில்லாத காரியத்தை யாரும் செய்வதில்லை என்றுதான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்துகிறேன். அந்தக் கட்டத்தில் அவனையும் என்னையும் நிறுத்திப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

என் முன்மொழிவைத் தலைகீழாக வாசித்தேன். ஓட்டை தெரியவில்லை. தெரியாததனால் பயம் இன்னும் ஏறியது.

மத்தியானம் வராந்தாவில் நின்றுகொண்டு வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, அவன் நல்லவன் என்று நீதானே எப்போதும் சொல்வாய் என்றார். நல்லவனாக இருந்தால் என்ன, அவனுக்கும் குடும்பம் இருக்கிறது, அவன் என்ன சாமியாரா என்று சீறினேன். "அவன்கிட்டயே நேரா கேட்டுடேன்மா," என்றார்.

கேட்டேன். திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டு அவன் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"உன்னோடதுல ஒரு ஓட்டை இருக்கு. இப்படியே போச்சுன்னா கண்டிப்பா அடிப்பாங்க. நான் சொல்றேன். ஆனா முதல்ல, என்னோடதுல நீ பாத்தத சொல்லு."

"நான்தான் சொன்னேனே. அனுப்பலாம்."

"ஆமை, விளையாடாத."

அவன் விழித்தான். அந்த விழிப்பு எனக்கு நடிப்பாகப் பட்டது. சரி, முதல் அடியை நான் வைத்தால் வெட்கப்பட்டாவது அவன் வைப்பான் என்று கணக்குப் போட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் பத்தியில் விரலை வைத்து, எங்கே அடிப்பார்கள் என்று சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. எப்படி இதை விட்டேன், எப்படி இதை விட்டேன் என்று முணுமுணுத்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் நொந்துபோய், அனுப்பாமலே விட்டுவிடுகிறேன் என்றான். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது. ஒரு பாடப்பகுதி முழுக்க மாலை வகுப்புக்கு மட்டும் வீடியோ திறக்காமல் போனதே, சர்வர் கெட்டுப்போய்ப் பிள்ளைகள் உன்னைப் பிடுங்கி எடுத்தார்களே, மறந்துவிட்டாயா என்று கேட்டேன். அந்தப் பாடப்பகுதிக்கு மாலை வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் வீடியோ பார்க்கவில்லை, படிக்காத பிள்ளையும் பார்க்கவில்லை. யாரும் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. காலை வகுப்பும் மாலை வகுப்பும் எழுதியது ஒரே பரீட்சை. மற்ற பகுதிகளில் இரண்டு வகுப்புக்கும் இருந்த வித்தியாசத்தையும் இந்தப் பகுதியில் இருந்த வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். வீடியோ என்ன செய்தது என்று தெரிந்துவிடும்.

அவன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான். ஆமை வேகமாக அசைந்து நான் பார்த்தது அன்றுதான். மதிப்பெண் கோப்பைத் திறந்து எண்களை இழுக்க ஆரம்பித்துவிட்டான்.

"இரு. இப்ப உன் முறை," என்றேன்.

"என்ன முறை?"

"என்னோடதுல எங்க அடிப்பாங்க?"

அவன் கையை எடுத்துவிட்டு யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். எனக்குப் பிராணன் போய்த் திரும்பி வந்தது.

"தலைப்பு கொஞ்சம் நீளமா இருக்கு," என்றான்.

தலைப்பு நீளமாம்! அவன் ஓட்டையை அடைக்கக் கல்லையும் மண்ணையும் கொட்டிக் கொடுத்திருக்கிறேன், இவன் என் காதில் பூச் சுற்றுகிறான். இதற்கு மேல் அவனிடம் கேட்டால் என் மானம்தான் போகும் என்று எழுந்தேன். என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவன் மறைத்த ஓட்டையை நானே கண்டுபிடித்து அடைப்பது என்று உட்கார்ந்தேன்.

தேடினால் கிடைக்காமலா போகும்? ஒரே கல்லூரியில் நடத்தியதுதானே என்பார்கள், அதற்கு ஒரு பதில் எழுதினேன். விளையாட்டு என்பதால் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கும், பாடம் ஏறியதா என்பார்கள், அதற்கு ஒரு பதில். காகிதச் சாவியும் உண்மையான வீடும் ஒன்றா என்பார்கள். பெரிய வகுப்பில் நடக்குமா என்பார்கள். வாடகைச் சட்டத்தையே எதிர்க்கிறாள் என்று யாராவது கிளம்புவார்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பூட்டு தயார் செய்தேன். ஐந்நூறு சொல் எப்போதோ தாண்டிவிட்டது. எதையாவது வெட்ட வேண்டும். ஆதாரத்தைத் தொட முடியாது. பதில்களைத் தொட மனம் வரவில்லை. பேராசிரியர்கள் வாசலில் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே வருவது, முதல் கால் மணி நேர ஆட்டம், அந்தப் பத்திதான் நீளமாக இருந்தது. அதில் யாரும் குறை சொல்லவும் ஒன்றுமில்லை, எனவே காப்பாற்றவும் ஒன்றுமில்லை என்று தோன்றியது. வெட்டினேன். "செய்முறை விளக்கம் அளிக்கப்படும்" என்று அந்த இடத்தில் ஒரு வரி போட்டேன்.

மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஆமையின் கீபோர்டு மழை மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. அது திடீரென்று நின்றது.

"நிறைய மாத்துனியா? ஒரு தடவ வாசிச்சுப் பாக்கவா?" என்று கேட்டான்.

"நேரமில்ல," என்றேன்.

நேரம் இருந்தது. அனுப்புவதற்கான பொத்தானை அழுத்தினேன். சற்றுப் பொறுத்து அவனும் அழுத்தினான். இரண்டு பேரும் ஒன்றாகப் படி இறங்கினோம். ரொம்ப தேங்க்ஸ்ப்பா, நீ இல்லன்னா நான் காலி என்றான். நான் உம் கொட்டினேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வந்த வாரங்களில் அவனோடு நான் சரியாகப் பேசவில்லை. அவன் கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அவன் அதையும் என் பதற்றம் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ, வழக்கம்போல இருந்தான்.

முடிவு ஒரு காலை நேரத்தில் வந்தது. இரண்டு கணினியும் ஒரே சமயத்தில் ஒலித்தன. என்னுடையதில் முதல் வரியிலேயே வருந்துகிறோம் என்று இருந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

மதிப்பீட்டாளரின் குறிப்பைப் படித்தேன். அருமையான யோசனை, ஆதாரமும் போதும் என்று ஆரம்பித்திருந்தார். ஆனால் முன்மொழிவின் பாதி, யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே போய்விட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் எதிரே இருப்பவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பது கடைசி வரை தெரியவில்லை. இப்படிப்பட்ட விளையாட்டை ஆடிக் காட்டாமல் விளக்கமாகச் சொல்லப்போவது ஏன் என்றும் புரியவில்லை. அதனால் ஏற்க முடியவில்லை.

ஆமை வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான். பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுக் குனிந்து வாசித்தான். இரண்டாவது தடவையும் வாசித்தான்.

"இவரு வேற எதையோ படிச்சிருக்காரு. வாசல்ல சாவி குடுக்குறது, ஆட விடுறது, எல்லாம் எழுதியிருந்தியே. நான் படிச்சேனே."

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. "நீ எதையோ பாத்துட்டு மறைக்கிறன்னு நெனச்சேன். அது என்னன்னு தேடி எல்லாத்தையும் மாத்துனேன்," என்றேன்.

அவன் மேஜை விளிம்பில் உட்கார்ந்தான். பதில் அவனுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். கத்துவான் என்று நினைத்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அன்னைக்கு நான் உன்னோடத ராத்திரியே படிச்சிட்டேன்," என்றான். "படிச்சு முடிச்சதும் வீட்டுல சொன்னேன், இந்த வேலை அவளுக்குத்தான், நம்ம வேற ஊர் பாக்கலாம்னு. காலையில உன்கிட்ட அதக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கூலுக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

அவன் குரலில் குத்தலே இல்லை. குத்தியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். அவன் வருத்தத்தோடுதான் சொன்னான், அதுவும் எனக்காக வருத்தப்பட்டு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமாக இருந்தது. வேலை போனதைவிட அதுதான் அதிகமாக எரிந்தது.

வீட்டுக்காரர் போனில் வந்தார். முடிவு வரும் நாள் என்று அவருக்குத் தெரியும். இங்கே உள்ள ஆஸ்பத்திரிக்கு இப்போது வர முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். எதையோ மறைக்கிறான் என்றாயே, அவன் உனக்கு என்ன செய்தான் என்று கேட்டார்.

ஆமை எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தான்.

"அவன் ஒண்ணும் செய்யலங்க," என்றேன். "உண்மையத்தான் சொன்னான். நான் நம்பல."